காலையில் கயாக், மதியம் அருங்காட்சியகம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் முழுவதுமாக வெளியிடுகிறோம்.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பி.காம். முடித்து, முப்பத்து நாலு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கவுண்டரில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுப் பழகிய குரல்தான் இது. அதனால் அலங்காரம் இல்லாமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சுற்றுலா என்று பேச்சு எடுத்தாலே நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். இளைஞர் கட்சிக்குத் தண்ணீர் வேண்டும், படகு வேண்டும், கொஞ்சம் துணிச்சலான விளையாட்டு வேண்டும். பெரியவர் கட்சிக்குக் கோயில் வேண்டும், அது இல்லாவிட்டால் பார்த்து நாலு விஷயம் தெரிந்துகொள்ளும்படி ஓர் இடம் வேண்டும். கடைசியில் இரண்டு வேன், இரண்டு தேதி, இரண்டிலும் பாதி சீட் காலி. பொருளாளர் கையைப் பிசைவார்.

இந்தப் பிப்ரவரியில் பதினெட்டுப் பேர் ஒரே வேனில் புதுச்சேரிக்குப் போய் வந்தோம். மிகச் சிறியவனுக்கு 9 வயது, மூத்தவருக்கு 71. காலையில் அரியாங்குப்பம் ஆற்றில் கயாக் ஓட்டினோம். பிறகு அரிக்கமேட்டைப் பார்த்தோம். அதன்பின் புதுச்சேரி அருங்காட்சியகம். கிளம்பும் முன் நம் பொருளாளர் என்னிடம் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "கயாக்குக்கும் மியூசியத்துக்கும் என்ன சார் சம்பந்தம்? அதுக்கு ஒரு பில், இதுக்கு ஒரு பில், அவ்வளவுதானே?" இன்று நான் பேசப்போவது அதற்கான பதில்தான். அதோடு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அது கடைசியில்.

முதலில் ஆற்றைச் சொல்கிறேன். செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளைக்குச் சுண்ணாம்பாறு என்று பெயர். படகுக் குழாம் இருப்பதால் பலருக்கும் தெரிந்திருக்கும். வடக்குக் கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டரில், இது வளைந்து நெளிந்து கடலில் சேர்கிறது. கரைகளில் அலையாத்திக் காடு. இந்த ஆறு வளையும் இடத்தில், கரைமேல் இருக்கும் மேடுதான் அரிக்கமேடு.

கயாக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒருவரோ இருவரோ உட்காரும் குறுகலான சிறு படகு. இரண்டு முனையிலும் அகலமாக இருக்கும் ஒரே துடுப்பை இடமும் வலமுமாகப் போட்டுத் தள்ள வேண்டும். என்ஜின் கிடையாது, சத்தமும் கிடையாது. நாம் உட்கார்ந்திருக்கும் இடம் தண்ணீருக்கு ஒரு சாண் உயரம்தான். அதனால் எல்லாம் கண்ணுக்கு நேராக இருக்கும். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அலையாத்தியின் மூச்சு வேர்கள், அதன் இடுக்கில் ஓடும் நண்டுகள், கிளையில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் எல்லாவற்றையும் பக்கத்தில் பார்த்தோம். வேர்களில் சிக்கிய பிளாஸ்டிக் கவர்களையும் பார்த்தோம். சில இடங்களில் சாக்கடை வாடையும் அடித்தது. இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

68 வயது மாமி ஒருவர், பேரனோடு இரட்டை இருக்கைக் கயாக்கில் ஏறினார். பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, "காவேரிக் கரையிலே பொறந்தவ நான். பயப்படறதா இருந்தா இவன்தான் பயப்படணும்" என்றார். பத்து நிமிடத்தில் பேரனைவிட ஒழுங்காகத் துடுப்புப் போட ஆரம்பித்துவிட்டார்.

வழிகாட்டியாக வந்த தம்பி அந்தப் பக்கத்து மீனவர் குடும்பத்துப் பையன். ஓர் இடத்தில் எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். "இதுக்கு மேல வேணாம் சார். முகத்துவாரத்துல இழுப்பு ஜாஸ்தி" என்றார். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம். எங்களைச் சுற்றித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதே நேரம் கிழக்கே, வீராம்பட்டினத்துக்கு அப்பாலிருந்து அலைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. கடல் அவ்வளவு பக்கத்தில். ஆனால் இங்கே ஒரு சலனம் இல்லை.

நண்பர்களே, அரிக்கமேடு ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அதுதான் விடை.

நம் கிழக்குக் கரையை வரைபடத்தில் பாருங்கள். கோடு போட்டாற்போல நேராக இருக்கும் மணல் கரை. கப்பல் வந்து ஒதுங்க இயற்கையான வளைகுடா இல்லை. கரை ஓரத்தில் ஓயாமல் அலை உடைகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில்கூடப் பெரிய கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டு வரும். சென்னையிலும் இதே கதைதான். செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கியதே 1870களில். இப்படிப்பட்ட கரையில், கடலுக்குப் பக்கத்திலேயே அலை இல்லாத தண்ணீர் கிடைக்கும் இடம் எது? ஆறு கடலில் சேரும் கழிமுகம் ஒன்றுதான். அங்கே மேடான கரையும் இருந்துவிட்டால் சரக்கை இறக்கலாம், பத்திரப்படுத்தலாம், பட்டறை போடலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் ஆட்கள் இதைத்தான் கண்டுகொண்டார்கள்.

இதைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் கையில் துடுப்போடு அந்த அசையாத தண்ணீரில் உட்கார்ந்து அலைச் சத்தத்தைக் கேட்ட ஒன்பது வயதுப் பையனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "தாத்தா, இங்கதான் போட் பார்க்கிங்கா?" என்று அவனே கேட்டான். ஆமாம், பார்க்கிங்தான்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு வணிகக் கையேடு உண்டு. 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்று பெயர். எந்தத் துறைமுகத்தில் என்ன வாங்கலாம், என்ன விற்கலாம் என்று சொல்லும் நூல். அதில் நம் கிழக்குக் கரைத் துறைமுகங்களில் ஒன்றாகப் 'பொதுகே' என்று ஒரு பெயர் வருகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி என்பவரும் அதே பெயரைக் குறிப்பிடுகிறார். அது அரிக்கமேடுதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

கரை ஏறி, சிற்றுண்டி முடித்து, வேனில் காக்காயந்தோப்பு வழியாக மேட்டுக்குப் போனோம். இங்கே ஓர் எச்சரிக்கை. அரிக்கமேட்டுக்கு மட்டும் போனால் ஏமாற்றமாக இருக்கும். தோப்பும் புதரும்தான் கண்ணில் படும். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். நின்றுகொண்டிருக்கும் பழைய செங்கல் சுவரைக் காட்டி, "ரோமன் காலத்துச் சுவரா?" என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் நடத்திய குருமடத்தின் மிச்சம். எங்கள் கூட்டத்திலும் ஒருவர், "இதைப் பார்க்கவா நாலு மணிக்கு எழுந்து வந்தோம்?" என்று முணுமுணுத்தார். நியாயம்தான். மேடு தனியாகப் பேசாது. ஆற்றையும் அருங்காட்சியகத்தையும் இரண்டு பக்கமும் வைத்தால்தான் அது பேசும்.

அங்கே நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் பையன் குனிந்து எதையோ எடுத்தான். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, நீல நிறத்தில், நடுவில் துளையோடு ஒரு கண்ணாடி மணி. எல்லோரும் கூடிவிட்டோம். வழிகாட்டித் தம்பி, "மழை பெஞ்சு ஓஞ்சா இப்படி மேல வரும் சார். எங்க ஆயா சின்னப் பொண்ணா இருந்தப்போ பொறுக்கி விளையாடுவாங்களாம்" என்றார். பையனின் அப்பா, "ஒண்ணுதானே, ஞாபகமா வெச்சுக்கட்டும்" என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நான் பையனிடம் சொன்னது இதுதான்: "கண்ணா, தாத்தா பேங்க்ல இருந்தப்போ ஒரு வவுச்சர் வந்தா, அதுல தேதி இருக்கணும், எந்தக் கிளைன்னு இருக்கணும், எந்தக் கணக்குன்னு இருக்கணும். இது மூணும் இல்லாத காசு எவ்வளவு பெரிய தொகையா இருந்தாலும், யாருடையதுன்னு தெரியாது. அதைச் சஸ்பென்ஸ் கணக்குலதான் போட்டு வைப்போம். இந்த மணி மண்ணுல இருக்கற வரைக்கும் அதோட வவுச்சர் இந்த இடம்தான். உன் பாக்கெட்டுக்குப் போயிட்டா சஸ்பென்ஸ் கணக்கு."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, மேலே கொஞ்சம் மண்ணையும் தள்ளிவிட்டான். அவன் முகம் வாடியதை நான் மறைக்கவில்லை. ஒன்பது வயதில் அது பெரிய தியாகம்.

மூன்றாவது கட்டம் அருங்காட்சியகம். புதுச்சேரியில் பாரதி பூங்காவை ஒட்டி இருக்கிறது. சோழர் காலத்து வெண்கலச் சிலைகள், பிரெஞ்சுக்காரர் காலத்து மேஜை நாற்காலிகள், பழைய வண்டிகள் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் எங்களுக்கு வேண்டியது அரிக்கமேட்டுப் பொருள்கள். ஆற்றில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்ததால், வழக்கமாகக் கண்ணாடிப் பெட்டி முன் இரண்டு நொடிகூட நிற்காத பிள்ளைகள் நின்றார்கள். ஆம்போரா என்னும் இரண்டு கைப்பிடி ஜாடிகளின் உடைந்த துண்டுகளைப் பார்த்ததும், "இதுல என்ன வந்துச்சு?" என்று கேட்டார்கள். திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீனை ஊறவைத்துச் செய்த ஒரு குழம்பு போன்றவை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து இப்படித்தான் வந்தன. கண்ணாடி மணிகள், சூதுபவளம், செவ்வந்திக்கல், பளிங்கு போன்ற கற்களில் செய்த மணிகள் இங்கிருந்து போனவை. அரிக்கமேடு ஒரு மணித் தொழிற்சாலை. கண்ணாடியை உருக்கி, உள்ளே துளை இருக்கும்படி நீளக் குழாயாக இழுத்து, அதைச் சின்னச் சின்னதாக நறுக்கும் முறை. அதே முறையில் ஆந்திராவில் காளஹஸ்திப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை மணி செய்துவந்திருக்கிறார்கள்.

இப்போது, ஓர் உடைந்த ஓடு எப்படித் தென்னிந்தியாவின் காலக் கணக்கையே நேர் செய்தது என்பதைச் சொல்கிறேன். இது என்னைப் போன்ற கணக்குப் பிள்ளைக்கு மிகவும் பிடித்த பகுதி.

1937-ல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரே, அரிக்கமேட்டுச் சிறுவர்களிடம் சில கற்களை விலைக்கு வாங்கினார். அதில் ஒன்றில் ஒரு மனிதத் தலை செதுக்கியிருந்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தலை என்று அவர் முடிவு செய்தார். 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் திறந்து பார்த்தபோது ஆம்போரா ஜாடியின் கழுத்துத் துண்டு கண்ணில் பட்டது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். அரிக்கமேடு என்றார்கள். நேரே புதுச்சேரிக்குப் போனார். அங்கே சேர்த்து வைத்திருந்த துண்டுகளில், பளபளப்பான சிவப்பு ஓடுகள் இருந்தன. அவை இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரில் செய்த பாத்திரங்களின் ஓடுகள். 1945-ல் அங்கே அகழாய்வு நடத்தினார்.

அந்தச் சிவப்பு ஓட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அதுவரை தென்னிந்தியாவில் எத்தனையோ பழைய பானைகள் கிடைத்திருந்தன. ஆனால் எது எந்த நூற்றாண்டு என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை. இத்தாலிப் பாத்திரம் எந்தக் காலத்தது என்பது அங்குள்ள ஆதாரங்களால் தெரியும்: கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்பிருந்து முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை. அந்த ஓடு அரிக்கமேட்டில் எந்த மண் அடுக்கில் கிடந்ததோ, அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைக்கும் அதே காலம்தானே? வங்கியில் இருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். இரண்டு கிளைகளின் கணக்கு ஒத்துப்போகாமல் வருடக்கணக்கில் கிடக்கும். ஒரே ஒரு பதிவு இரண்டு லெட்ஜரிலும் இருப்பது தெரிந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் நேர் செய்துவிடலாம். இத்தாலி லெட்ஜரிலும் அரிக்கமேட்டு லெட்ஜரிலும் இருந்த அந்த ஒரு பதிவுதான் சிவப்பு ஓடு. 1947-ல் கர்நாடகத்தில் பிரம்மகிரியில் வீலர் தோண்டியபோது, அங்குள்ள காலத்தை முடிவு செய்ய அரிக்கமேட்டுக் கணக்குதான் கைகொடுத்தது.

கவனியுங்கள், அந்த ஓடு அழகாக இருந்ததால் இது நடக்கவில்லை. எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று எழுதி வைத்ததால் நடந்தது.

இன்னொன்றும் உண்டு. ரோமானியர்கள் வந்ததால்தான் அங்கே துறைமுகம் உருவானது என்பதுபோல வீலர் எழுதினார். வீலருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அங்கே தோண்டினார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற ஆய்வாளர் தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மறுபடி அகழாய்வு நடந்தது. ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே நம் மக்கள் ஊராக வாழ்ந்து, வணிகமும் நடத்தி வந்தார்கள், ரோம வணிகம் குறைந்த பின்னும் அந்த இடம் அப்படியே கைவிடப்படவில்லை என்பது அப்போது தெரியவந்தது. இதுவும் மண் அடுக்கைப் படித்ததால் வந்த திருத்தம். அடுத்த திருத்தத்துக்கும் மண்ணில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

அருங்காட்சியகத்தில் மணிகள் இருந்த பெட்டி முன்னால் நம் பையன் நெடுநேரம் நின்றான். பிறகு என்னிடம் வந்து, "தாத்தா, இதையும் யாரோ அங்கேருந்து எடுத்துட்டு வந்ததுதானே? அவங்க மட்டும் எடுக்கலாமா?" என்று கேட்டான்.

சரியான கேள்வி. தணிக்கை அதிகாரி கேட்பது போன்ற கேள்வி. நான் சொன்னேன்: எழுதி வைத்துவிட்டு எடுத்தால் அது கணக்கு, எழுதாமல் எடுத்தால் அது களவு என்றுகூடச் சொல்ல வேண்டாம், கணக்கு கெட்டுப்போகிறது. பிறகு இதையும் சொன்னேன்: இங்கே இருந்தால் நீ பார்க்கலாம், உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளையும் பார்க்கலாம். உன் பாக்கெட்டில் இருந்தால் நீ மட்டும்தான் பார்க்கலாம், அதுவும் தொலைக்கிற வரைக்கும்.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். அடுத்த சுற்றுலாவுக்கு நம் குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. அரிக்கமேட்டில் பிள்ளைகளுக்கு 'புதையல் வேட்டை' வைக்கலாம், அதிக மணி பொறுக்கும் பிள்ளைக்குப் பரிசு தரலாம் என்று. பிள்ளைகள் உற்சாகமாக இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் சொன்ன யோசனை. அதற்குப் பத்துப் பன்னிரண்டு கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. தயவுசெய்து அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டம் ஒரு காரணம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கிருந்து ஒரு மணியை எடுத்துவருவதும் சட்டப்படி தவறு. ஆனால் சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டிலேயே, அந்தக் கரையிலிருந்து பெரிய பெரிய பழைய செங்கற்களை ஊர் மக்கள் பெயர்த்து எடுத்துப் போவதைப் பிரெஞ்சுக்காரர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அரிக்கமேடு என்ற பெயர் 'அருகன் மேடு' என்பதிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. ஆறு அரிப்பதால் அரிக்கும் மேடு என்று இன்னொரு விளக்கமும் உண்டு. எது சரியாக இருந்தாலும் இரண்டாவது நம் கண்முன் நடக்கிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு கொஞ்சம் எடுக்கிறது. செங்கலுக்காக ஒருவர், மணிக்காக ஒருவர், ஞாபகார்த்தமாக ஒருவர் என்று மனிதர்களும் முந்நூறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே இருக்கிறோம். யாரும் பெரிதாக எடுக்கவில்லை. எல்லோரும் ஒன்றுதான் எடுத்தார்கள். நம் குடியிருப்பிலிருந்து நாற்பது பிள்ளைகள் போய் ஆளுக்கு ஐந்து எடுத்தால் இருநூறு. நமக்குப் பின்னால் இன்னொரு குடியிருப்பு வரும். டெபாசிட்டே இல்லாமல் எடுப்பு மட்டும் நடக்கும் கணக்கு எத்தனை நாள் தாங்கும்?

அதற்குப் பதில் பிள்ளைகளுக்கு வேறு வேட்டை வைக்கலாம். ஆற்றில் பார்த்ததற்கும் அருங்காட்சியகத்தில் பார்த்ததற்கும் யார் அதிகச் சம்பந்தம் கண்டுபிடித்து நோட்டில் எழுதுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. பரிசுச் செலவு என்னுடையது.

இனி நடைமுறை விஷயங்கள். குறித்துக்கொள்ளுங்கள்.

1. மாதம்: ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். 2011-ல் தானே புயலும் 2024-ல் ஃபெஞ்சல் புயலும் அந்தப் பகுதியை என்ன பாடு படுத்தின என்பது நமக்குத் தெரியும்.

2. கிழமை: அருங்காட்சியகம் பொதுவாகத் திங்களன்று விடுமுறை. மதியம் உணவு இடைவேளைக்கும் மூடக்கூடும். எந்த நாளாக இருந்தாலும் முதல் நாளே போன் செய்து, திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. வரிசை: முதலில் ஆறு, பிறகு மேடு, கடைசியில் அருங்காட்சியகம். இதை மாற்ற வேண்டாம். காலையில் காற்று குறைவு, வெயிலும் இல்லை. தவிர, ஆற்றில் எழும் கேள்விக்குத்தான் அருங்காட்சியகத்தில் பதில் இருக்கிறது.

4. நேரம்: சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். நாலு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குத் தண்ணீரில் இருக்கலாம். பத்து மணிக்கு மேடு, பதினொன்றுக்கு அருங்காட்சியகம், பிறகு சாப்பாடு. மூன்று மணிக்குத் திரும்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு.

5. பாதுகாப்பு: லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் கட்டாயம், நீச்சல் வீரருக்கும். அளவு சரியாக இருக்கிறதா, பக்கிள் மாட்டுகிறதா என்று ஏறும் முன் பார்க்க வேண்டும். கயாக்கில் எழுந்து நிற்கக் கூடாது. கவிழ்ந்தால் பதறாமல் கயாக்கையே பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். முகத்துவாரத்துக்குப் போகக் கூடாது. வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது. ஆற்று நீரில் குளிக்க வேண்டாம்.

6. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு: ஓட்டுவது கஷ்டமில்லை, ஏறி இறங்குவதுதான் கஷ்டம். எங்களோடு வந்தவர்களில் ஐந்து பேர் கயாக் ஏறவில்லை. சாதாரணப் படகில் கூடவே வந்தார்கள். அலைச் சத்தம் அவர்களுக்கும் கேட்டது. இதய நோய், வலிப்பு, அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

7. உடை: புடவை, வேட்டி வேண்டாம். சுடிதார், டிராக் பேன்ட் சரியாக இருக்கும். ஒரு செட் மாற்று உடை, தொப்பி, தண்ணீர் பாட்டில். போனுக்குத் தண்ணீர் புகாத பை. மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

8. செலவு: வேன் வாடகை, கயாக் கட்டணம், சாப்பாடு என மூன்று தலைப்புத்தான் பெரியது. அருங்காட்சியக நுழைவுக் கட்டணம் அவற்றின் முன்னால் ஒன்றுமே இல்லை. முழுக் கணக்கும் ரசீதுகளும் பொருளாளரிடம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பயணம் செய்ய முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நம் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கின்றன. வீலர் அலமாரியைத் திறந்தது அங்கேதான். நம் குடியிருப்பிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். ஆறு மட்டும்தான் கிடைக்காது.

பொருளாளர் சார், உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். இரண்டு பில் வந்தது உண்மை. ஆனால் அது ஒரே கணக்கு. ஆறு மட்டும் என்றால் உடற்பயிற்சி. அருங்காட்சியகம் மட்டும் என்றால் பெயர்ப் பலகை படிப்பது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், இந்தத் தண்ணீர் வழியாக இந்த ஜாடி வந்தது, இந்த மணி போனது என்று பிள்ளைகளுக்கே புரிகிறது. இரண்டு கட்சியும் ஒரே வேனில் சண்டையில்லாமல் வீடு திரும்பியது கூடுதல் லாபம்.

ஆகவே இரண்டு விஷயங்களை இந்தக் கூட்டத்தின் முன் தீர்மானமாக வைக்கிறேன். ஒன்று, அடுத்த ஜனவரியில் ஆண்டுச் சுற்றுலாவை இதே முறையில் நடத்துவது. இரண்டு, அரிக்கமேட்டில் ஒரு மணியோ ஓடோ எடுப்பதில்லை என்று பெயர் கொடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் படிவத்திலேயே கையெழுத்திடுவது. பிள்ளைகளும் போட வேண்டும். முதல் கையெழுத்துப் போட, மணியைத் திரும்ப வைத்த அந்தப் பையன் தயாராக இருக்கிறான். இரண்டாவது கையெழுத்து அவன் அப்பாவுடையது. அவரே முன்வந்து சொன்னார்.

ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம். டீ ஆறிக்கொண்டிருக்கிறது.